கொழும்பில் நாட்பட்ட நோயோடு வேலை பார்ப்பவர்களுக்கு: கையெழுத்துப் போடும் முன் செய்யவேண்டியவை

எனக்கு ருமட்டொயிட் மூட்டுவாதம். கொள்ளுப்பிட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 12 ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு வந்தது. காலையில் எழுந்தால் இரண்டு மணி நேரத்துக்கு விரல்கள் மடங்காது. குளியலறைக் குழாயை முழங்கையால் தள்ளித்தான் திறப்பேன். ஆனால் பத்து மணிக்குப் பிறகு என்னைப் பார்க்கிறவருக்கு நான் நோயாளி என்றே தெரியாது.

இப்படிக் கூடிக் குறையும் நோயோடு தனியார் துறையில் இருப்பவருக்கு, வேலைக்குப் போக முடியாத மாதங்களில் சம்பளத்துக்குப் பதிலாக அரசு தரும் கொடுப்பனவு எதுவும் நம் நாட்டில் இல்லை. இருப்பவை ஐந்தாறு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொரு இடமும் வேறு காகிதம் கேட்கிறது. ஒரு கதவைத் தவறான நேரத்தில் திறந்தால் இன்னொரு கதவு மூடிவிடுகிறது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் போயின. உங்களுக்கு அவ்வளவு காலம் போகக்கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

1. எழுதிவைத்து நீட்டப்படும் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

என் லீவெல்லாம் தீர்ந்த மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மனிதவளப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் ஒரு தாள் இருந்தது. "உடல்நிலை காரணமாக எனது விருப்பத்தின் பேரில் பதவி விலகுகிறேன்" என்று தட்டச்சு செய்து, திகதியும் போட்டு, கையொப்பத்துக்குக் கோடும் இழுத்திருந்தார்கள். இதமாகத்தான் பேசினார்கள். "உடம்புதானே முக்கியம், ஓய்வெடுங்கள்" என்றார்கள். பேனையைக் கையில் எடுத்துவிட்டேன். ஏதோ ஒரு கோப்பைத் தர வந்த சம்பளப் பிரிவுத் தம்பி, தாளைப் பார்த்துவிட்டு, "அக்கா, வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டுத் திங்கட்கிழமை கொடுங்களேன்" என்றார். நான் பேனையை வைத்துவிட்டேன்.

அந்தக் கோட்டின் விலை என்னவென்று பிறகுதான் கணக்குப் போட்டேன். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், முந்தைய 12 மாதங்களில் 180 நாட்களாவது வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். இல்லையென்றால் தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். நோய் ஒழுக்கக்கேடு இல்லையே. ஆகவே இந்தப் பாதுகாப்பு நமக்கும் உண்டு. ஆணையாளர் அனுமதி கொடுத்தாலும் சூத்திரப்படி நட்டஈடு கட்டச் சொல்வார். முதல் 5 ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 ஆண்டுகள் வரை ஆண்டுக்கு இரண்டு மாதச் சம்பளம் என்று அது போகும். உச்ச வரம்பு 2021 முதல் 25 இலட்சம் ரூபாய்.

ஒரு உதாரணம்: சம்பளம் 60,000, சேவை 12 ஆண்டுகள். பன்னிரண்டரை மாதமும் பதினான்கு மாதமும் சேர்ந்து இருபத்தாறரை மாதச் சம்பளம், அதாவது 15,90,000 ரூபாய். நீங்களாக விலகினால் பணிக்கொடை (கிராச்சுவிட்டி) மட்டும்தான்: அரை மாதச் சம்பளமான 30,000 வீதம் 12 ஆண்டுகளுக்கு 3,60,000 ரூபாய். அந்த வெள்ளிக்கிழமை நான் போடப்போன கையெழுத்து எவ்வளவு பெறுமதியானது என்று பாருங்கள்.

கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்து உங்களுக்கு முழுதாக விளங்கவில்லையென்றால், வாசித்துக் காட்ட ஆள் கிடைக்கும்வரை தொடாதீர்கள். "இருதரப்பு இணக்கத்துடன்" என்ற சொற்களும் சம்மதம்தான், அவற்றையும் கவனியுங்கள்.

2. இன்றைக்கே ஒரு கோப்பைத் தொடங்குங்கள்

நியமனக் கடிதம், ஒவ்வொரு மாதச் சம்பளத் துண்டு, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதியம்) 'பி' அட்டை, அதன் கணக்குக் கூற்று, லீவு விண்ணப்பங்களின் பிரதி, நோய் உறுதியான நாளின் அறிக்கை, வார்டில் இருந்திருந்தால் டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி. இவ்வளவும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும்.

கிளினிக் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள். என் முதல் கொப்பி மழையில் நனைந்து, முதல் எட்டு மாதப் பதிவுகள் நீல மையாக ஓடிவிட்டன. நோய் எப்போது தொடங்கியது என்பதற்கு என்னிடம் வேறு அத்தாட்சி இருக்கவில்லை. ஆய்வுகூடத்தில் மறுபிரதி கேட்டு வாங்கினேன். அதற்கு மட்டும் மூன்று வாரம்.

இன்னொன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சிறு நாட்குறிப்பு. அழகாக எழுதவேண்டியதில்லை. "காலை 6 முதல் 8.30 வரை விரல் மடங்கவில்லை. பஸ்ஸில் பிடித்து நிற்க முடியவில்லை. இறங்கி ஓட்டோவில் போனேன்." இரண்டு வரி போதும். நல்ல நாட்களையும் எழுதுங்கள். கெட்ட நாட்களை மட்டும் எழுதிய குறிப்பை யாரும் நம்புவதில்லை. நானும் நம்பமாட்டேன்.

3. லீவைக் கணக்குப் பார்த்து எடுங்கள்

கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்கீழ் ஆண்டு விடுமுறை 14 நாட்கள், தற்செயல் விடுமுறை 7 நாட்கள். நோய்க்கென்று தனி விடுமுறை அந்தச் சட்டத்தில் இல்லை. "மெடிக்கல் லீவு" என்று நாம் சொல்வது நிறுவனம் தன் விதிப்படி தருவது. உங்கள் நியமனக் கடிதத்தில் எத்தனை நாள் என்று இருக்கிறதோ அதுதான். எனக்கு அது 7 நாட்கள். எல்லாம் சேர்த்து 28. அரச மருத்துவமனைக் கிளினிக்குக்கு மாதம் ஒரு முழு நாள் போய்விடுகிறது. அதற்கே 12. மிச்சம் 16 நாட்களுக்குள்தான் நோயின் சீற்றம், காய்ச்சல், தலைத்தீபாவளி எல்லாம்.

கிளினிக் நாளில், வந்து போனதற்கு ஒரு சிறு கடிதம் கேட்டு வாங்குங்கள். மருந்து எடுக்கும் நாளையும் மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். எனக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருமுறை. ஞாயிறு இரவு எடுத்தால் திங்கள் முழுவதும் குமட்டல். மருத்துவரிடம் கேட்டு வெள்ளி இரவுக்கு மாற்றினேன். அந்த ஒரு மாற்றம் எனக்கு ஆண்டுக்குப் பத்து லீவையாவது மிச்சப்படுத்தியது. மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக மாற்றாதீர்கள்.

பொறி ஒன்று இருக்கிறது. லீவு தீர்ந்தபின் அறிவிக்காமல் நின்றால், பதவியை விட்டு நீங்கியவராகக் கருதுகிறோம் என்று கடிதம் வரும். எழுந்து நடக்க முடியாத நாளிலும் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். நீண்டு போகுமென்றால் மருத்துவச் சான்றிதழைப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைக் கோப்பில் ஒட்டுங்கள். தொலைபேசியில் சொன்னது பிறகு எங்கேயும் நிற்காது.

4. மருத்துவரிடம் எந்தக் கடிதம் கேட்பது என்று முதலில் முடிவெடுங்கள்

இந்த இடத்தில்தான் அதிகமானவர்கள் விழுகிறார்கள்.

கேட்கக்கூடிய கடிதங்கள் இரண்டு. ஒன்று, "இவரால் வேலை செய்ய முடியும், ஆனால் இன்ன இன்ன மாற்றங்கள் வேண்டும்" என்பது. இது வேலையைக் காப்பாற்றும் கடிதம். மற்றது, "இவர் நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலை செய்ய முடியாதவர்" என்பது. இது ஓய்வு வயதுக்கு முன் ஈ.பி.எஃப். பணத்தை எடுக்கும் கடிதம். இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். என்னோடு கிளினிக்குக்கு வரும் ஒரு அம்மா, முதலில் இலேசான வேலைக்கென்று ஒரு கடிதம் வாங்கி, ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, பிறகு முழு இயலாமை என்று விண்ணப்பித்தார். இரண்டு கடிதங்களும் ஒரே கோப்பில் இருந்தன. நோய் இடையில் மோசமானது உண்மை. ஆனால் அதைக் காட்டும் பரிசோதனையோ கிளினிக் பதிவோ அந்த ஆறு மாதத்தில் ஒன்றும் இல்லை. கோரிக்கை திரும்பி வந்துவிட்டது.

ஆகவே எந்தப் பாதை என்று வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துவிட்டுக் கேளுங்கள். வேலையில் தொடர்வது என்றால், நோயின் பெயரைவிட உங்களால் எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்பதுதான் கடிதத்தில் வேண்டும். வரிசையில் நூறு பேர் நிற்கும் கிளினிக்கில் மருத்துவருக்கு அதைக் கேட்டறிய நேரம் கிடையாது. நான் அரைப் பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனேன்: பேனை பிடித்துப் பத்து நிமிடத்துக்கு மேல் எழுத முடியாது, தட்டச்சு முடியும், காலை 9.30 க்கு முன் கைகள் இயங்காது. இரண்டு மாடிக்கு மேல் படியேற முடியாது. அவர் வாசித்துவிட்டு, பரிசோதித்துப் பார்த்து, ஏறத்தாழ அதே வரிசையில் எழுதித் தந்தார். இதற்கு முன் வாங்கிய கடிதத்தில் இரண்டே வரிகள் இருந்தன. அதை வைத்து ஒன்றும் நடக்கவில்லை.

மருத்துவமனை முத்திரை, மருத்துவரின் பதிவு இலக்கம், திகதி ஆகிய மூன்றையும் அங்கேயே பாருங்கள். எனக்கு விரிவான அறிக்கை கைக்கு வர ஏழு வாரம் ஆனது. தனியாரிடம் சனல் செய்தால், அதாவது காசு கட்டி நேரம் பதிந்து மருத்துவரைப் பார்த்தால், சீக்கிரம் கிடைக்கும். ஆனால் அரச உதவி எதற்கும் அரச மருத்துவரின் கடிதத்தையே கேட்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாரிடம் சிகிச்சை பெறுகிறவர்களும் ஒரு அரச கிளினிக்கில் பதிந்து வைத்திருப்பது நல்லது.

5. நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள், காலவரையோடு கேளுங்கள்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், வேலைக்கு ஆள் எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. வேலையில் இருக்கும்போது நோயாளியாகிறவர் நேரமாற்றத்தை வேண்டுகோளாகத்தான் கேட்கவேண்டியிருக்கிறது. அதனால் கடிதம் பணிவாகவும் துல்லியமாகவும் இருக்கட்டும். நான் கேட்டவை மூன்று: பத்து மணிக்கு வருகை, கைப்பதிவேடுகளுக்குப் பதில் கணினி வேலை, கிளினிக் வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை. ஆறு மாதத்துக்கு மட்டும், பிறகு மீளாய்வு. காலவரை இருந்தால் "சரி, பார்ப்போம்" என்று சொல்ல மேலாளருக்கு எளிதாகிறது.

நேரம் குறைத்தால் சம்பளமும் குறையும் என்பார்கள். இங்கே கவனம் வேண்டும். பணிக்கொடை கடைசியாகப் பெற்ற சம்பளத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைக்க ஒப்புக்கொண்டால், நல்ல உடம்போடு உழைத்த அத்தனை ஆண்டுகளின் பணமும் சேர்ந்து குறைந்துவிடும். அடிப்படைச் சம்பளம் அப்படியே இருக்க, வராத மணித்தியாலங்களுக்கு மட்டும் மாதாமாதம் கழிக்கும்படி கேளுங்கள். அது தற்காலிக ஏற்பாடு என்று கடிதத்தில் எழுதச் சொல்லுங்கள். நான் இரண்டு வாரம் இதற்காக நின்றேன். கிடைத்தது.

6. உங்கள் பெயரில் ஏற்கெனவே இருக்கும் பணம்

ஈ.பி.எஃப்.: சம்பளத்தில் நீங்கள் 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் கட்டுவது. வேலையை விட்டால் அந்தப் பணம் உடனே வரும் என்று நினைக்காதீர்கள். பெண்களுக்கு 50 வயது, ஆண்களுக்கு 55 வயது. அதற்கு முன் எடுக்க நிரந்தர முழு இயலாமை ஒரு காரணம். அதற்கு 'கே' படிவமும் மருத்துவச் சான்றும் வேண்டும். மருத்துவச் சபைக்கு அனுப்பப்படவும் கூடும். வேலையில் இருந்துகொண்டே எடுக்கும் வழியும் இருக்கிறது. 10 ஆண்டுகள் பங்களித்து, கணக்கில் 3 இலட்சத்துக்குக் குறையாமல் இருந்தால், வீட்டுத் தேவைக்கோ குறிப்பிட்ட பெரிய சிகிச்சைகளுக்கோ 30 சதவீதம் வரை எடுக்கலாம். உச்சம் 20 இலட்சம். உங்கள் சிகிச்சை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்): முதலாளி மட்டும் கட்டும் 3 சதவீதம். வேலையை விட்டதும் வயது பார்க்காமல் எடுக்கலாம், ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான். பலருக்குத் தெரியாதது, இருதய சத்திரசிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்வில்லை, மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை, நிரந்தர இயலாமை ஆகியவற்றுக்கு இந்த நிதியம் தனியாக உதவி தருகிறது என்பது. விண்ணப்பிக்கக் காலவரை உண்டு. வார்டில் இருந்து வந்த வாரமே படிவத்தை எடுத்துவிடுங்கள்.

பணிக்கொடை: 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் 5 ஆண்டுகள் முடித்திருந்தால் உண்டு. சேவை முடிந்து 30 நாட்களுக்குள் கொடுக்கவேண்டும்.

ஈ.பி.எஃப். விண்ணப்பத்துக்குப் போகவேண்டிய தொழில் திணைக்களம் நாரஹேன்பிட்டியில் மெஹெவர பியச கட்டிடத்தில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து 141 பஸ் போகிறது. காலை நெரிசலில் நின்று போகாதீர்கள். ஏறும் இடத்திலேயே ஏறி உட்கார்ந்து போங்கள்.

நம்மவர்களுக்கு மட்டும் விசேடமாக வரும் சிக்கல் பெயர். அடையாள அட்டையில் தந்தையின் பெயர் முன்னால், ஈ.பி.எஃப். பதிவில் முதலெழுத்து மட்டும், பிறப்புச் சான்றிதழில் தமிழ் எழுத்து, வங்கியில் ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடுதல். எனக்கு நான்கு இடத்தில் நான்கு பெயர் இருந்தது. சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, நிறுவனத்திடமிருந்து திருத்தக் கடிதம் வாங்க ஐந்து வாரம் போனது. பணம் தேவைப்படும் மாதத்தில் இதைத் தொடங்காதீர்கள். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு மாதத்தில் முடித்து வையுங்கள். கணக்குக் கூற்றைப் பார்க்கும்போதே, முதலாளி ஒவ்வொரு மாதமும் கட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

7. கிராம உத்தியோகத்தரிலிருந்து பிரதேச செயலகம் வரை

குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் மாதாந்தக் கொடுப்பனவு இருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கப்பட்டது. வருமானம் பார்ப்பார்கள், சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை பெரும்பாலும் கிடைக்காது. வேலை நின்றுவிட்டால் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள். பெரிய சிகிச்சைச் செலவுக்கு ஜனாதிபதி நிதியமும் இருக்கிறது. அதற்கும் 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தவுடன் போங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்தவர்களுக்குத் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகம். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் பக்கத்தவர்களுக்குக் கொழும்பு பிரதேச செயலகம்.

முதற்படி கிராம உத்தியோகத்தரின் கடிதம். அனெக்ஸில் வாடகைக்கு இருக்கும் பலருடைய வாக்காளர் பதிவு இன்னும் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கிறது. என்னுடையதும் அப்படித்தான் இருந்தது. பதினைந்து ஆண்டுகள் கொழும்பில் இருந்தும், இங்கே இருப்பதற்குக் காகிதம் இல்லை. வாடகை ஒப்பந்தம், உங்கள் பெயருக்கு வந்த வங்கிக் கடிதங்கள், வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். அடுத்த வாக்காளர் இடாப்புத் திருத்தத்தில் பெயரை இங்கே பதிந்துவிடுங்கள். கிராம உத்தியோகத்தர் வெளிக்களத்தில் இருக்கும் நாட்களும் உண்டு. போனில் கேட்காமல் போய் நான் இரண்டு முறை திரும்பி வந்தேன்.

அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது. சிங்களப் படிவத்தை நீட்டினால் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். தயங்கவேண்டியதில்லை.

8. வேலை போய்விட்டால் ஆறு மாதம்

அனுமதி இல்லாமல் நிறுத்தினாலோ, பதவியை விட்டு நீங்கியதாகக் கடிதம் வந்தாலோ, அந்தத் திகதியைச் சுவரில் எழுதிவையுங்கள். தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாதம்தான். 15 பேருக்குக் குறைந்த நிறுவனத்தில் வேலை செய்தவர்களும் அங்கே போகலாம். 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் ஆணையாளரிடம் முறையிடவும் அதே ஆறு மாதம். சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைக் கேட்டுவிட்டு உதவுவார்கள். உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தவர்களின் ஆறு மாதம் படுக்கையிலேயே போயிருக்கிறது. நீங்கள் போக முடியாவிட்டால் தம்பியையோ தங்கையையோ முதல் விசாரிப்புக்கு அனுப்புங்கள்.

9. கையொப்பத்தை மாற்றிப் பதியுங்கள்

கை நோயுள்ளவர்களுக்கு மட்டும் இது. ஒரு படிவம் வங்கியிலிருந்து திரும்பி வந்தது. "கையொப்பம் பொருந்தவில்லை." பத்து ஆண்டுகளுக்கு முன் வளைத்து வளைத்துப் போட்ட அந்தக் கையொப்பத்தை என் விரல்களால் இனிப் போட முடியாது. தங்கையின் மேசையில் பழைய காசோலை ஒன்றைப் பார்த்துப் பார்த்து நாற்பது தடவை எழுதிப் பார்த்தேன். கடைசி எழுத்தின் சுழி ஒருமுறையும் வரவில்லை.

பிறகு அடையாள அட்டையையும் மருத்துவக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வங்கிக் கிளைக்குப் போனேன். புதிய மாதிரிக் கையொப்பம் பதிய அரை மணி நேரம் எடுத்தது. செலவில்லை. காலையில் விரல் விறைத்திருக்கும்போதும் போடக்கூடிய ஒன்றையே தேர்ந்தெடுங்கள்: என்னுடையது இப்போது இரண்டு எழுத்தும் ஒரு கோடும். அதை வங்கியிலும் நிறுவனத்திலும் ஒரே வாரத்தில் மாற்றுங்கள். மாற்றிய திகதியைக் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.